2000 ரூபாய்க்குள் ஒரு மடக்குக் கத்தி: எதை வாங்கலாம்?

மேட்டுத்தெரு:
எல்லாருக்கும் வணக்கம். கரூரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிப்பது, மூட்டைத் தையலை அறுப்பது, பிளாஸ்டிக் பட்டையை வெட்டுவது என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். லீவு கிடைத்தால் நண்பர்களோடு மலைப்பக்கம் போவோம். அங்கே பழம் நறுக்க, கயிறு வெட்ட, சமைத்தால் வெங்காயம் அரிய ஒரு கத்தி வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். பேன்ட் பையில் அடங்க வேண்டும், 2000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

இப்போது கையில் இருப்பது ஆன்லைனில் 399-க்கு வாங்கியது. கறுப்புப் பூச்சு, பாதிக்கு ரம்பப் பல், பின்னால் கண்ணாடி உடைக்கிற முனை, சீட் பெல்ட் அறுக்கிற கொக்கி எல்லாம் உண்டு, வெட்டுவது மட்டும் கிடையாது. மரை கழன்று பிளேடும் ஆட ஆரம்பித்துவிட்டது. எந்த ஸ்டீல் நல்லது, திறந்த பிளேடு மடங்காமல் பிடிக்கிற லாக் அவசியமா, போலீஸ் பிடித்தால் பிரச்சினை வருமா, இதையெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்டுக்கல்_பூட்டு:
திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. பெட்டியும் பிரிக்கலாம், கடனும் வசூலிக்கலாம்.

சாணைக்கல்:
மேலே உள்ளவரை விடுங்கள். வெட்ட வரவில்லை என்றால் எல்லாரும் ஸ்டீலைத்தான் குறை சொல்வார்கள், முதலில் பார்க்க வேண்டியது தடிமன். அந்த ரகக் கத்திகள் முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வைத்துவிடுவார்கள், அது வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் ஓரத்துக்கு வரும்போதும் சரியாக இறங்கியிருக்காது. ஒரு ஆப்பிளில் இறக்கிப் பாருங்கள். கால்வாசி தூரம் நறுக்கும், அப்புறம் ஆப்பு மாதிரி நெருக்கி, டக்கென்று பழம் பிளந்து விழும். காரட் என்றால் இன்னும் மோசம். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 8-ஆம் நம்பரை எடுத்தால் முதுகே 2 மில்லிமீட்டர் இருக்காது, அங்கிருந்து வாய் வரைக்கும் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வரும், அதனால் கூர் கொஞ்சம் குறைந்த பிறகும் தக்காளித் தோல் நசுங்காமல் வெட்டும்.

ஸ்டீலுக்கு வருவோம். சீனக் கத்திகளில் பெயரே கணக்கைச் சொல்லிவிடும். 8சிஆர்13எம்ஓவி என்றால் கார்பன் சுமார் 0.8 சதவீதம், குரோமியம் சுமார் 13 சதவீதம். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3 தான். கார்பன் குறைந்தால் ஸ்டீலை அவ்வளவாகக் கடினப்படுத்த முடியாது, அட்டையை நாலு இழுப்பு இழுத்ததும் வாய் ஒரு பக்கம் மடிந்துவிடும். உங்கள் 399 கத்தி பெரும்பாலும் இந்த ரகம், அல்லது அதற்கும் கீழே. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’, வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் அடித்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. 440 என்று போட்டு பின்னால் ஏ, பி, சி எதுவும் இல்லை என்றால் மட்டமான ஏ என்றே வைத்துக்கொள்ளுங்கள், சி-யாக இருந்திருந்தால் கொட்டை எழுத்தில் அடித்திருப்பான்.

உங்கள் பட்ஜெட்டில் நான் பார்ப்பது மூன்று: ஒப்பினெல் 8, சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸில் சின்ன ரகம் ஏதாவது, அல்லது பெயர் தெரிந்த சீனக் கம்பெனி ஒன்றின் 8சிஆர்13எம்ஓவி லைனர் லாக் (உள்ளே ஒரு தகடு வந்து பிளேடைப் பூட்டுகிற ரகம்). விலை வாரத்துக்கு வாரம் மாறும், தள்ளுபடி வரும்போது பிடியுங்கள்.

தூண்டில்காரன்:
ஒப்பினெல் சொல்கிறவர்கள் எந்த ஒப்பினெல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். கார்பன், இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ்) என்று இரண்டு ரகம் வருகிறது. நான் தூத்துக்குடி. உப்புக்காற்றில் கார்பன் பிளேடை ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் செம்பொட்டு வைத்திருக்கும், மடிக்கும் இடத்துக்குள் மீன் செதிலும் தண்ணீரும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். கடலோரம் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். டி2 என்று ஒரு ஸ்டீலை இப்போது எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்கள், அதுவும் முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, எங்கள் ஊரில் புள்ளி வைக்கும்.

சாணைக்கல்:
@தூண்டில்காரன் சரிதான். டி2-வில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் கார்பன் ஒன்றரை சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் பெரும்பகுதி அந்தக் கார்பனோடு கட்டுண்டு போகும், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கரூர் வறண்ட ஊர், அங்கே டி2 நன்றாகவே ஓடும். ஆனால் மழுங்கிய பிறகு தீட்டுவதற்குள் கை வலித்துவிடும்.

ஒப்பினெல் கார்பன் ரகத்தின் பெயர் எக்ஸ்சி90, கார்பன் 0.9 சதவீதம். இனாக்ஸ் ரகம் ஸ்வீடனின் சாண்ட்விக் 12சி27, கார்பன் 0.6, குரோமியம் 13.5. முதலாவது கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், மாங்காய் அரிந்தால் கறுக்கும். அந்தக் கறுப்பு படிந்தபின் துரு கொஞ்சம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் முதல் சில தடவை மாங்காய்த் துண்டில் இரும்பு வாடை அடிக்கும், எலுமிச்சையிலும் அப்படித்தான். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

மேட்டுத்தெரு:
ஒப்பினெல் படம் பார்த்தேன். மரப்பிடி, ஒரு வளையம், அவ்வளவுதானா? பொம்மைக் கத்தி மாதிரி இருக்கிறதே.

சாணைக்கல்:
அவ்வளவுதான். ஒரு மரத்துண்டு, ஒரு பிளேடு, ஒரு ஆணி, இரண்டு வளையம். பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்ய ஆரம்பித்தது. 1897-இல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு அளவுகள் வந்தன, அதில் 1-உம் 11-உம் பிற்பாடு நின்றுபோயின. அந்தத் திருகு வளையம் 1955-இல் சேர்ந்தது. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் பிளேடு கை மேல் மடங்காது, இப்போது வருவதில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பைக்குள் தானாகத் திறந்துகொள்ளாது. 8-ஆம் நம்பர் பிளேடு 8.5 சென்டிமீட்டர், மொத்த எடை 50 கிராமுக்குள். பொம்மை மாதிரி இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ரயிலில் கொய்யா நறுக்கினால் பக்கத்து சீட்டுக்காரர் தனக்கு ஒரு துண்டு கேட்பார். உங்கள் கறுப்புக் கத்தியை எடுத்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.

பொதிகை_நடை:
மலையேற்றத்துக்கு என்று கேட்டதால் எழுதுகிறேன். கத்தி வாங்குவதற்கு முன் எந்த மலைக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 31: சரணாலயத்துக்குள் முன்கூட்டியே எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் துப்பாக்கி என்று நினைக்காதீர்கள். அதே சட்டத்தின் விளக்கப் பகுதியில் கத்தி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. பிளேடு இத்தனை அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்ற கதையெல்லாம் அதில் இல்லை. முதுமலை, களக்காடு முண்டந்துறை, மேகமலை என்று நாம் ஆசைப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வட்டத்துக்குள் வரும். செக்போஸ்டில் பை பார்க்கிறவர் பழக்கத்தில் பேனாக்கத்தியைக் கண்டுகொள்ளாமல் விடலாம், விடாமலும் இருக்கலாம். வனத்துறையே நடத்துகிற ட்ரெக் தமிழ்நாடு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்ததே, அந்த மாதிரி வழிகாட்டியோடு போகும்போது ‘பழம் நறுக்க ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, கொண்டுவரலாமா’ என்று முன்பதிவுக்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பழத்தை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்று. மலையில் உண்மையில் கத்தியால் என்ன செய்கிறோம்? நூடுல்ஸ் பாக்கெட், வெள்ளரிக்காய், கயிற்று நுனி, காலில் கொப்புளம் வந்தால் பிளாஸ்டர் வெட்டுவது. விறகு பிளக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு மடக்குக் கத்தியின் முதுகில் கட்டையால் அடிக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரே ஆணியில் நிற்கிற சாமான் அது, அடித்தால் ஆணியும் போகும் விரலும் போகும். அதுபோக நம் காடுகளில் தீ மூட்டவே கூடாது, அப்புறம் விறகு எதற்கு?

தூண்டில்காரன்:
@பொதிகை_நடை அந்தச் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் தூண்டில் முள்ளும் இருக்கிறது சார். வலையும் இருக்கிறது. நான் மலைக்கு வெறுங்கையோடுதான் வர வேண்டும் போல.

அண்ணாச்சி_ஸ்டோர்ஸ்:
தம்பி, நானும் கடைக்காரன்தான். அட்டைப்பெட்டிக்கு நல்ல கத்தியை எடுத்தால் அது வீண். அட்டையில் மண்ணும் தூசும் கலந்திருக்கும், அது எப்பேர்ப்பட்ட ஸ்டீலையும் மழுக்கிவிடும். டேப்பில் உள்ள பசை பிளேடில் ஒட்டிக்கொள்ளும், அதே பிளேடால் பழம் நறுக்குவீர்களா? முனை உடைக்கிற கட்டர் வாங்கிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மழுங்கினால் ஒரு துண்டை உடைத்துவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கலாம். ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனிக்காரர் 1956-இல் கண்டுபிடித்தது, சாக்லேட் பட்டையை உடைக்கிற மாதிரி பிளேடை உடைத்தால் என்ன என்று யோசித்து வந்ததாம். 9 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம் கிடைக்கும், கடைக்குப் பெரியது. உடைத்த துண்டுகளை மட்டும் குப்பையில் போடாதீர்கள், பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும்.

மேட்டுத்தெரு:
அண்ணாச்சி, கட்டர் என் கடையிலேயே விற்கிறேன் 😄 ஆனாலும் நீங்கள் சொல்வது நியாயம். அப்படியானால் மடக்குக் கத்தியைக் கடை வேலையிலிருந்து கழித்துவிடலாம். பையில் வைக்க, வெளியே போக என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

மாடித்தோட்டக்காரி:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள். விக்டோரினாக்ஸ் மாதிரி நகம் வைத்துத் திறக்கிற கத்திகளில் ஸ்பிரிங் நன்றாக இறுக்கமாக இருக்கும், நகம் வெட்டியிருந்தாலோ கை ஈரமாக இருந்தாலோ திறக்க வராது. என் அம்மாவால் என் கத்தியைத் திறக்கவே முடியாது, மூட்டுவலி. ஒப்பினெலை இரண்டு விரலால் கிள்ளித் திறந்துவிடலாம், காய்ந்திருக்கும் வரைக்கும்.

செடி வைத்திருப்பவர்களுக்கு: விவசாயக் கருவி விற்கிற கடைகளில் ஒட்டுக் கட்டுவதற்கு மடக்குக் கத்தி வைத்திருப்பார்கள், விலை மலிவு, ஸ்டீலும் மோசமில்லை. ஆனால் அதில் பலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வாகத் தீட்டியிருக்கும், குச்சியில் சீவ அதுதான் தோது. வெள்ளரிக்காய் நறுக்கினால் கத்தி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இடது கைக்காரர்கள் வாங்கவே வேண்டாம்.

மதுரை_மெக்கானிக்:
லாக் இல்லாத கத்தி எதுவும் வேண்டாம் ப்ரோ. குத்துகிற மாதிரி வேலை வந்தால் விரல் போய்விடும். விக்டோரினாக்ஸ் எல்லாம் பேனா சீவத்தான்.

சாணைக்கல்:
மெக்கானிக் தம்பி, பாதிதான் ஒத்துக்கொள்வேன். லாக் இருப்பது நல்லது, ஆனால் மலிவான கத்தியில் லாக்கை நம்பி விரல் வைப்பதுதான் உண்மையில் ஆபத்து. லாக் இல்லாத கத்தி வைத்திருப்பவன் முதுகுப்பக்கம் அழுத்தம் வராமல் வெட்டப் பழகிவிடுவான். 399 லைனர் லாக் வைத்திருப்பவன் பூட்டியிருக்கிறது என்று தைரியமாக முனையால் நெம்புவான். உள்ளே இருப்பது மெல்லிய ஒரு தகடு, பிளேடின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். அது அடியின் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரு தட்டில் நழுவும்.

கடையில் கையில் வாங்கியதும் இப்படிப் பாருங்கள். திறந்து பூட்டுங்கள், உள்ளே எட்டிப் பார்த்து அந்தத் தகடு பிளேடின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மடங்கும் வழியில் விரல் எதுவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு மரப்பலகையில் வைத்து அழுத்துங்கள். அடிக்க வேண்டாம், அழுத்தினாலே தெரிந்துவிடும். பிளேடு முனையைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆடினால் மரையை இறுக்கிச் சரிசெய்யலாம், மேல்கீழாக ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது லாக் பொருந்தாத குறை. மூடி வைத்துத் தலைகீழாக உதறுங்கள், பிளேடு வெளியே எட்டிப் பார்த்தால் பையில் வைக்கிற கத்தி இல்லை. ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே இதையெல்லாம் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் தேதி முடிந்தபின் யாரும் கேட்க மாட்டார்கள்.

விக்டோரினாக்ஸ் பற்றி: பேனா சீவத்தான் என்பது அநியாயம். கார்ல் எல்செனர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த கம்பெனி. ஸ்டீல் எக்ஸ்55சிஆர்எம்ஓவி14, கார்பன் 0.55, குரோமியம் 14, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56. சீக்கிரம் மழுங்கும், டீ கப்பின் அடியில் தேய்த்தாலே திரும்பக் கூர் வந்துவிடும், துரு என்ற பேச்சே கிடையாது. அவர்களுடைய க்ளைம்பர் மாடலில் வருகிற கத்தரிக்கோல் இருக்கிறதே, பிளேடைவிட அதைத்தான் அடிக்கடி எடுப்பீர்கள். விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம். கீசெயினில் தொங்குகிற 58 மில்லிமீட்டர் க்ளாசிக் எஸ்டி அடங்கும், அதில் பிளேடு ரொம்பச் சின்னது, பாக்கெட் பிரிக்க, நூல் வெட்ட, பல் குத்த.

குரோய்டன்வாசி:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், எங்களுக்குக் கதை நேர் எதிர். மடங்கக் கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் வாய் 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், முக்கியமாக லாக் இருக்கக் கூடாது. அப்படியென்றால்தான் காரணம் ஏதும் சொல்லாமல் வெளியில் கொண்டு திரியலாம். லாக் இருந்தால் சிறு கத்திக்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். அதனால் விக்டோரினாக்ஸ் இங்கே தாராளமாக வைத்திருக்கலாம், ஒப்பினெல் 8 வைத்திருக்க முடியாது. ஒப்பினெலில் 6-ஆம் நம்பரில் இருந்துதான் அந்த வளையம் வரும், 5-உம் அதற்குக் கீழேயும் வளையம் இல்லை, அதனால் நான் 5 வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் உள்ள தமையன் வீட்டுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோவேன். அங்கே மடக்குக் கத்தியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்கிற ரகத்தை வெளியில் கொண்டுபோகத் தடை, இதற்கு இரண்டு கை வேண்டும், லாக்கும் இல்லை. வெளிநாட்டுக்கு வாங்கி அனுப்புகிற ஆட்கள் இதைப் பார்த்து அனுப்புங்கள்.

மேட்டுத்தெரு:
நம் ஊரில் சட்டம் என்ன? பட்டன் கத்தி ஒன்றும் பார்த்தேன், அழுத்தினால் சட்டென்று வருகிறது, ஆசையாக இருந்தது.

பொதிகை_நடை:
அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆயுதச் சட்ட விதிகளில் பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருப்பதைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கிறார்கள், வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கானவை அதிலும் விலக்கு. நீங்கள் வாங்கப்போவது அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் தனி அறிவிப்புகள் உண்டு. டெல்லியில் 1980-லிருந்தே ஸ்பிரிங், பட்டன் அல்லது வேறு விசையால் திறக்கிற கத்தி 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் ஆயுதம்தான். டெல்லி இறங்கி உத்தராகண்ட் மலையேறப் போகிற நம் ஆட்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பையில் துணிக்குள் சுற்றி வையுங்கள். கீசெயினில் தொங்குகிற குட்டிக் கத்தியை மறந்துவிட்டு செக்யூரிட்டியில் பறிகொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

சட்டம் இடம் கொடுத்தாலும் இடம் பொருள் பார்க்க வேண்டும். கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், கிரிக்கெட் மைதானம், கோர்ட் வாசல், இங்கெல்லாம் பழம் நறுக்கத்தான் சார் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

திண்டுக்கல்_பூட்டு:
பட்டன் கத்தி ஆசை இருந்தால் உத்தரப்பிரதேசம் ராம்பூருக்கு ஒரு டூர் போய் வாருங்கள் அண்ணே. பழைய இந்திப் பட வில்லன்கள் ‘க்ளிக்’ என்று விரிப்பார்களே, அந்தக் கத்திக்குப் பேர்போன ஊர். 2023-இல் நாலு ரோடு சந்திப்பில் 6.10 மீட்டருக்கு ஒரு கத்தியே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். செல்ஃபி எடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம்.

மதுரை_மெக்கானிக்:
சரி, கத்தி வாங்கியாச்சு, எங்கே சாணை பிடிப்பது? சைக்கிளில் வருகிறவரிடம் கொடுத்தால் தீப்பொறி பறக்க நல்லாத்தான் பிடிக்கிறார், ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

சாணைக்கல்:
கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன். அவர் அரிவாள்மனைக்கும் கறிக்கடைக் கத்திக்கும் நல்லவர், அந்தத் தடிமன் சூட்டைத் தாங்கும். மெல்லிய பிளேடை உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் வாய் ஓரம் நொடியில் சூடேறும். வெளுத்த ஸ்டீல் முதலில் வைக்கோல் நிறம் வரும், அதைத் தாண்டி நீலம் வந்துவிட்டால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடம் நிற்காது, நீலம் போன அளவுக்குத் தேய்த்து எடுத்தால்தான் பழைய ஸ்டீல் வரும்.

தச்சர்கள் உளி தீட்டுகிற இரண்டு பக்கக் கல் வாங்குங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். @மேட்டுத்தெரு உங்கள் கடையிலேயே இருக்கும். ஈரத்துணி மேல் வைத்தால் கல் நகராது. மேலே தண்ணீர் அல்லது நாலு சொட்டு எண்ணெய், இரண்டையும் மாற்றி மாற்றி விடாதீர்கள். ஸ்கெட்ச் பேனாவால் வாய் ஓரம் முழுக்க மை பூசிவிட்டு, முதுகைக் கொஞ்சம் தூக்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் தூக்குங்கள், விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் இறக்குங்கள். முழுதாக அழிகிற சாய்வைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகத் தேயுங்கள், எதிர்ப்பக்கம் பெருவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளிநோக்கி மெல்லத் தடவினால் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும் வரை. அடிமுதல் நுனிவரை அது தட்டுப்பட்டதும் பக்கத்தை மாற்றுங்கள். அந்தச் சொரசொரப்பு வராமலேயே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் தேய்ப்பவர்கள்தான் ‘எனக்குக் கூர் வரவே மாட்டேங்குது’ என்று புலம்புவார்கள். நைஸ் பக்கத்தில் அழுத்தாமல் முடித்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாயைப் பின்னால் விட்டு இழுங்கள். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு இழுத்தால் சத்தமில்லாமல் வெட்ட வேண்டும். கிழிக்கிற சத்தம் எந்த இடத்தில் வருகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

ரம்பப் பல் இருக்கிற கத்தியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் இதனால்தான். இந்தக் கல்லில் அந்தப் பல்லைத் தீட்ட முடியாது. கயிறு நன்றாக அறுக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மழுங்கினால் அதோடு சரி.

அண்ணாச்சி_ஸ்டோர்ஸ்:
எண்ணெய் எதுவென்று சொல்லவில்லையே?

சாணைக்கல்:
மடங்கும் ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சாப்பாட்டுக்குப் பயன்படுத்துகிற பிளேடுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகும்.

மேட்டுத்தெரு:
எல்லாருக்கும் நன்றி. திருச்சி போயிருந்தபோது ஒரு கடையில் ஒப்பினெல் 8 இனாக்ஸ் இருந்தது, கையில் எடுத்துப் பார்த்ததும் பொம்மை என்ற நினைப்பு போய்விட்டது, வாங்கிவிட்டேன். பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சமும்கூட. பழம், காய்கறி எல்லாம் அருமையாக நறுக்குகிறது. ஒரு சிக்கல். மழையில் நனைந்து வந்தோம், கத்தியும் பையில் நனைந்துவிட்டது. இப்போது பிளேடு மரத்துக்குள் இறுகிக்கொண்டு திறக்கவே வரவில்லை. இடுக்கி வைத்து இழுக்கலாமா?

சாணைக்கல்:
இடுக்கி வேண்டாம், பிளேடில் தழும்பு விழும், நழுவினால் கையிலும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை, பிளேடின் நுனி இருக்கிற பக்கத்தை, மேஜை விளிம்பில் டொக்கென்று தட்டுங்கள். நுனி கொஞ்சம் வெளியே எழும்பும், அங்கே கிள்ளித் திறந்துவிடலாம். சவோய்க்காரர்களே அப்படித்தான் திறப்பார்கள், அப்படித் தட்டுவதற்கு அவர்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். திறந்ததும் அப்படியே விரித்து ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள், வெயிலில் வேண்டாம், மரம் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும் 220 நம்பர் உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தின் உள்பக்கம் இரண்டு சுவரிலும் லேசாகத் தேயுங்கள். ரொம்பத் தேய்த்தால் காய்ந்த நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். அதன்பின் ஆளி விதை எண்ணெயைப் பஞ்சில் தொட்டு உள்ளேயும் வெளியேயும் பூசிக் காயவிட்டால் அடுத்த மழைக்கு இந்த அளவுக்கு ஊறாது. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், ஆளி விதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். ஹார்டுவேர் கடை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், சுற்றிலும் தின்னர் டப்பா இருக்கும்.

தூண்டில்காரன்:
பிளாஸ்டிக் பிடியில், விசில் வைத்து, அதே கம்பெனி வெளியூர் வேலைக்கென்றே 8-ஆம் நம்பர் ஒன்று விடுகிறான். விலை கூட. மழைக்காலம் முழுக்க மேஜையைத் தட்டப் பொறுமை இல்லை என்றால் அடுத்த தீபாவளிக்கு அதைப் பாருங்கள்.